சரி சொல்ல வைக்கிறவர்

அவர் ரப்பர் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு ஒரு வீட்டுக்குள் வந்தால், அந்த வீடு எதையோ விட்டுக்கொடுக்கப் போகிறது என்று அர்த்தம். சும்மா பேசிவிட்டுப் போக வருகிற நாளில் வெளியே நின்றபடியே பேசுவார். பூட்ஸைக் கழற்றினால் உட்காரப் போகிறார். உட்கார்ந்தால் நாம் சரி என்று சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டார்.

கம்பம் என்று நாங்கள் சொல்கிற எங்கள் மலைக் கிராமத்தில் அந்தப் பூட்ஸை அதிகம் பார்த்த வாசல் என்னுடையது.

அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்றைக்கும் பழைய ஆட்கள் ஒரு கல்யாணத்தில் கூடினால், "அந்த மனுசன் இருந்தவரைக்கும் நம்ம கம்பத்துல ஒரு போலீஸ் கேஸ் உண்டாலா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இல்லைதான். ஒரு கேஸ்கூட இல்லை. அது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பேச வராததால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைப் பெர்மிட் சட்டம் வந்தபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை, வைத்திருந்த பலருக்கு வேலை போய்விட்டது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். சிலர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். அங்கே யாரையும் தெரியாத சில குடும்பங்கள், தோட்டத்து எல்லைக்கும் காட்டுக்கும் நடுவே யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு சரிவில் பலகை வீடு கட்டிக்கொண்டோம். மலையில் படி வெட்டி கோபிஸ் என்கிற முட்டைக்கோசும் பீன்ஸும் போட்டோம். அதுதான் கம்பம்.

கங்காணி, கிராணி, துரை என்று தலைக்கு மேல் ஆள் வைத்து வாழ்ந்து எங்களுக்குச் சலித்திருந்தது. ஆகவே இங்கே தலைவரே வேண்டாம் என்று முடிவு செய்தோம். எதைச் செய்வதானாலும் காய்கறி அடுக்கும் கொட்டகையில் கூடி, வீட்டுக்கு ஒரு வாய் சரி சொல்ல வேண்டும். ஒரு வாய் வராவிட்டாலும் முடிவு கிடையாது. குடிக்கிற தண்ணீர் மேலே காட்டிலிருந்து வருவதால் காட்டில் கை வைக்கக் கூடாது. ஊற்றுப் பக்கம் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. மாட்டுச் சாணம் பொதுக் குழியில் மக்க வேண்டும். நமக்குள் சண்டை வந்தால் போலீசுக்கோ தோட்டத்து ஆபீசுக்கோ போகக் கூடாது. எல்லாம் நல்ல சட்டங்கள். இன்றைக்குக் கேட்டாலும் நல்ல சட்டங்கள் என்றுதான் சொல்வேன்.

அதோடு அவர் ஒன்றைச் சேர்த்தார். கூட்டம் முடியும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது.

"ஒல கொதிக்குதேன்னு நெனப்பு அங்க இருந்தா மனசு இங்க நிக்காது" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் சரி சொன்னோம். பசி யாருக்காக வேலை செய்யும் என்று அன்றைக்கு எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு ஒரு வாய் என்றால் அது யார் வாயாகவும் இருக்கலாம். ஆண்கள் பசாருக்குப் போயிருந்தால் பெண்கள் வருவார்கள். அஞ்சலையக்கா ஒருத்திக்குத் தோட்டத்தில் இன்னும் வேலை இருந்தது. அவள் கொழுந்து பறிக்கப் போயிருந்தால், அவளுடைய மகள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை, கொட்டகை வாசலில் நின்று "எங்க வீடு சரி!" என்று கத்திவிட்டு ஓடும். சிரிப்போம். அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அவர் ஒல்லியான ஆள். முன்பு தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தவர். வாடப் போட்ட கொழுந்தைக் கையில் அள்ளி, உள்ளங்கையில் அமுக்கிப் பார்ப்பார்கள். விட்டதும் நிமிர்ந்துகொண்டால் அது இன்னும் பச்சை. அமுக்கினது அமுக்கினபடியே கிடந்தால் வாடிவிட்டது, மெஷினில் போட்டு உருட்டலாம். அதைச் சரியாகச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். கம்பத்துக்கு வந்தபிறகு அவர் எங்களை அமுக்கிப் பார்த்தார்.

குரலை உயர்த்த மாட்டார். குடிக்க மாட்டார். யார் வீட்டு டீயையும் "என்னா மணம்!" என்று புகழ்ந்து குடிப்பார். சண்டை என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார். "சின்னக் கலக்கம்" என்பார். பாராங்கத்தி எடுத்துக்கொண்டு நின்றாலும் சின்னக் கலக்கம்தான்.

எனக்கும் முனியாண்டிக்கும் முதலில் வந்த கலக்கம் ஆட்டினால் வந்தது. கம்பத்தில் லோரி வைத்திருந்தவன் முனியாண்டி ஒருவன்தான். எங்கள் காய்கறியெல்லாம் அவன் லோரியில்தான் பிரிஞ்சாங் டவுனுக்குப் போக வேண்டும். அவன் பேசினால் எதிர்மலையில் கேட்கும். அவனுடைய ஆடுகள் என் பீன்ஸ் கொடியை ஒரு வரிசை விடாமல் மேய்ந்துவிட்டன. நான் ஆடுகளைப் பிடித்துக் கட்டினேன். முனியாண்டி வந்து என் அப்பாவிலிருந்து தொடங்கித் திட்டிவிட்டு அவிழ்த்துக்கொண்டு போனான்.

மறுநாள் என் வாசலில் பூட்ஸ்.

"தம்பி, நீ செஞ்சதுல தப்பே இல்ல" என்றார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "அவன் மேலதான் தப்பு. நான் அவன்கிட்டயே சொல்லிட்டேன்."

"என்னண்ணே சொன்னான்?"

"அவன் மொரடன்லா. சொன்னா ஏறாது. நீ அப்படி இல்ல. ஒனக்குப் பக்குவம் இருக்கு." டீயை உறிஞ்சினார். "ஒரு வேலி போட்டுரு. விழுந்த கம்பு காட்டோரமா கெடக்கு. நானே வந்து வெட்டித் தரேன்."

வந்தார், வெட்டித் தந்தார், குனிந்து கம்பும் நட்டார். வேலியை என் நிலத்துக்குள் ஓரடி தள்ளி நட்டார், முனியாண்டியின் ஆட்டுக்கு நடக்கப் பாதை வேண்டுமாம். அன்று மாலை என் மனைவி சரசு வேலியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஆடு தின்னது நம்ம பீன்ஸ். வேலி நம்ம போடறோம். எடமும் நம்ம விடறோம். தின்ன ஆட்டுக்கு மாலை போடலியா?"

அவர் எப்போதும் அப்படித்தான். யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பதில் அவருக்குக் குழப்பமே கிடையாது. உடனே கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்ததை நம்மிடம் சொல்லவும் செய்வார். ஆனால் முடிவை அதை வைத்து எடுக்க மாட்டார். இரண்டு பேரில் யார் சீக்கிரம் விடுவார் என்று பார்த்து அந்த வாசலுக்குப் போவார். ஓடையில் துணி துவைக்கிற கல்லுக்காக இரண்டு பெண்கள் குடத்தால் அடித்துக்கொண்டபோது, கைக்குழந்தை வைத்திருந்தவளைக் கீழ்க்கல்லுக்கு அனுப்பினார். ஏனென்றால் மற்றவளுக்கு வாய் நீளம். கைக்குழந்தைக்காரி சரி சொன்னாள், கொட்டகையில் கைதட்டினார்கள், அடுப்புகள் எரிந்தன.

கோழை என்று அவரைச் சொல்ல முடியாது. கந்தனும் அவன் தம்பியும் படிவரப்புக்காகப் பாராங்கத்தியோடு எதிரெதிரே நின்றபோது, நாங்களெல்லாம் கோபிஸ் கூடைகளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டோம். அவர் மட்டும் நடுவில் போய் நின்றார். கந்தன் ஓங்கிய கத்தி அவர் முன்கையைக் கிழித்தது. ரத்தம் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டே, "போதுமா? கலக்கம் தீந்துச்சா?" என்றார். கந்தன் கத்தியைப் போட்டுவிட்டு அழுதான். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல எனக்கே இருந்தது. அடுத்த வாரம் தம்பிக்காரன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கம்போங் ராஜா என்கிற ஊருக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டான். அவனைப் போகச் சொன்னது அவர்தான். கத்தியை ஓங்கினவன் அண்ணன். போனவன் தம்பி. தம்பி இளகின ஆள்.

போகும்போது அவன் என்னிடம், "அண்ணே, அவர் ரொம்ப நல்லவர்ணே. போறேன்னு நானேதான் சொன்னேன்" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகம் என்னவோபோல் இருந்தது.

கூட்டத்தில் அவர் தலைமை தாங்க மாட்டார். "இங்க தலவரு யாரும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே கடைசியில் மூட்டைமேல் உட்கார்வார். ஆனால் எந்த வாய் முதலில் சொல்ல வேண்டும் என்பதை அவர்தான் கண்ணால் காட்டுவார். சத்தம் போடுகிறவர்கள் முதலில். பேசாதவர்கள் கடைசியில். எங்களிடம் வந்து சேரும்போது எல்லோருக்கும் பசித்திருக்கும். எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் சரி சொல்லாமல் இருந்து பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும்.

எண்பதுகளில் பூ வந்தது. கியா பார்ம் பக்கம் செவ்வந்தி போட்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று பேச்சு. காய்கறி வாங்கும் சீன முதலாளியான தவுக்கே, பூ கொண்டுவந்தால் எவ்வளவும் எடுத்துக்கொள்கிறேன் என்று முனியாண்டியிடம் சொல்லிவிட்டார். கம்பத்துக்குள் புதிதாகப் படி வெட்ட இடமில்லை. முனியாண்டி மேலே காட்டில் மரத்தை வெட்டினான்.

அது என் வீட்டுக்கு நேர் மேலே. கம்பத்திலேயே காட்டை ஒட்டிய கடைசி வீடு என்னுடையது. அந்தப் படியை நானும் சரசுவும் கல் அடுக்கிக் கட்டியிருந்தோம். வெறும் சிவப்பு மண்ணாக இருந்ததைச் சாணமும் தழையும் போட்டுக் கறுப்பாக்கியிருந்தோம். முதல் மழைக்கே மேலிருந்து சேறு இறங்கி, பின்சுவர்ப் பலகையில் முழங்கால் உயரத்துக்கு நின்றது. பொதுக் குழாயில் தண்ணீர் பாலில்லாத கொப்பி நிறத்தில் வந்தது. எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டும் பின்சுவர் ஓரம்தான் படுக்கும்.

என் வாழ்க்கையில் முதல்முறையாக நானே அவர் வீட்டைத் தேடிப் போனேன்.

"பாத்தேன் தம்பி" என்றார். "மனசே சரியில்ல. காட்டுல கை வைக்கக் கூடாதுன்னு எல்லாரும் சேந்து சொன்னதுதான. நான் பேசறேன்."

மறுநாள் காலை சரசு சேற்றை மண்வெட்டியால் இழுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டாரு. மரம் வெட்டறவன் வீடு அங்கல்ல இருக்கு, இங்க எதுக்குப் பூட்ஸக் கழட்டறாரு?"

உள்ளே வந்து உட்கார்ந்தார். சின்ன மகளை மடியில் வைத்துக்கொண்டார். முனியாண்டி கடன்பட்டு நாற்று வாங்கிவிட்டான், இனி நிறுத்தச் சொன்னால் லோரியை எடுத்துக்கொண்டு கம்பத்தை விட்டே போய்விடுவேன் என்கிறான், லோரி போனால் எல்லார் காய்கறியும் அழுகும் என்றார். அதெல்லாம் உண்மை. எனக்கும் தெரியும்.

"அதனால தம்பி, நான் ஒன்னு யோசிச்சேன். ஆபத்து ஒன் வீட்டுக்கு மட்டும்தான? மாட்டுக் கொட்டாய்க்குக் கீழ எடம் சும்மா கெடக்கு. நீ எறங்கிட்டா கலக்கமே இல்ல."

சரசு மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"ஏண்ணே, மேல வெட்டறவன நிறுத்துங்கன்னு இவரு வந்து சொன்னாரு. நீங்க கீழ இருக்கறவன நகருங்கறீங்க. மாட்டுக் கொட்டாய்க்குக் கீழ ஊத்து தண்ணி நிக்குது. அட்ட புடுங்குது. அங்க நீங்க போய் இருப்பீங்களா?"

"தங்கச்சி கோவத்துல பேசுது. பேசட்டும். கோவம் உள்ள இருக்கக் கூடாது."

"கோவம் உள்ள இல்லண்ணே. சேறுதான் உள்ள இருக்கு."

அவர் சிரித்தார். உண்மையாகவே ரசித்துச் சிரித்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். என் மாமியார் இருக்கிற தோட்டத்துக்குப் போய் அவளிடம் பேசினார். என்னோடு பள்ளியில் படித்தவனைத் தேடிப் பிடித்து அனுப்பினார். ஒருநாள் நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டே, "முடியாதுண்ணே" என்றேன். அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் தலையாட்டினார். என்னையே பார்த்தார். நிமிர்ந்துகொண்ட இலையைப் பார்க்கிற பார்வை அது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சின்னவளுக்குக் காய்ச்சல் என்று சரசு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது என்னிடம், "நீ ஒன்னும் பேச வேணாம். ஒனக்கு வராது. சரின்னு மட்டும் சொல்லாத. அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூத்தவளைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அவளுக்கு ஏழு வயது. என் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் கண் காட்டினார். முனியாண்டி சரி என்றான். கந்தன் சரி. வாய் நீளமானவள் சரி. கீழ்க்கல்லில் துவைக்கிறவளும் சரி. காட்டைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்ட அத்தனை பேரும், நான் இறங்குவதற்குச் சரி சொன்னார்கள். என் முறை வந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே மூடுபனி இறங்கிவிட்டது. குழந்தைகள் சிணுங்கின. யாரோ, "நம்ம புள்ளைங்கல்லாம் பட்டினிலா" என்றார்கள். முனியாண்டியை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மரத்தை வெட்டினவன் நான் என்பதுபோலப் பார்த்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரி என்ற சொல் வெளியே வந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான் அப்போது எனக்கிருந்த வேலை. அதில் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

அவர் மூட்டையிலிருந்து எழுந்து வந்து என் முன்னால் குந்தினார். என்னைப் பார்க்கவில்லை.

"கண்ணு, பசிக்குதா?"

என் மகள் தலையாட்டினாள்.

"எல்லாருக்கும் பசிக்குதுமா. அந்தப் பாப்பா பாரு, அழுவுது. எல்லாரும் வீட்டுக்குப் போலாமா?"

"போலாம் மாமா."

"ஒங்கப்பா கூச்சப்படறாரு. நீ சொல்லு. கீழ புதுசா வீடு கட்டிக்குவோம். ஸ்கூலுக்குப் பக்கம். சரியா?"

அவள் அழுகிற குழந்தையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நல்ல பிள்ளைகள் எப்படிச் சொல்லுமோ அப்படிச் சொன்னாள்.

"சரி."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. கைதட்டல். "வீட்டு வாய் வந்துருச்சுலே!" என்று முனியாண்டி கத்தினான். பாய்களை உதறிக்கொண்டு எழுந்தார்கள். நான் "இல்ல" என்றேன். "இல்ல, இல்ல" என்று இரண்டு முறை சொன்னேன். பக்கத்தில் இருந்த கந்தனின் மனைவிக்கு மட்டும் கேட்டது. "போதும்ணே, புள்ளைக்கு இருக்கற மனசு ஒங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்ட ஓடினாள். அவர் என் மகளின் கன்னத்தைத் தட்டினார்.

கூட்டத்திலேயே இளகின ஆள் நான்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். என் மடியில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

சரசு திரும்பி வந்ததும், "யாரு சரி சொன்னது?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா!" என்றாள் மகள், பெருமையாக. "எல்லாரும் கை தட்டுனாங்க."

சரசு அவளை அடிக்கவில்லை. தூக்கி வந்த சின்னவளைப் பாயில் கிடத்தினாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "கீழயும் வேணாம், மேலயும் வேணாம். தோட்டத்துக்கே போயிடுவோம். அங்க கங்காணி திட்டுவான். திட்டறான்னாவது தெரியும்."

அப்போது எனக்குக் குடியுரிமைக்கான நீல ஐசி கிடைத்திருந்தது. தோட்டத்தில் ஆள் தேவைப்பட்டது. வீட்டைப் பலகை பலகையாகப் பிரித்தோம். அவர் வந்து கூரையிலிருந்து இறக்கிய சிங்குத் தகரத்தின் மறுமுனையைப் பிடித்தார். சரசு தகரத்தைப் பிடுங்கிக்கொண்டாள். முனியாண்டி லோரியை இலவசமாகத் தருவான், தான் பேசிவிட்டதாகச் சொன்னார். சரசுவின் அண்ணன் வேறு லோரி கொண்டுவந்தான். நாங்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் கறுப்பு மண் படி யாருக்கு என்று பேச்சு வந்து, அது முனியாண்டிக்கு என்று முடிவாகிவிட்டிருந்தது. கலக்கம் வேண்டாம் என்று.

அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சரிவு இறங்கியது. எங்கள் வீடு இருந்த இடம், கல் அடுக்கு, படி எல்லாம் மண்ணுக்குள் போனது. ஆள் சேதம் இல்லை. கொட்டகையில் கூட்டம் போட்டு, "அன்னிக்கு அவரு மட்டும் சொல்லி எறக்கலன்னா நாலு உசிரு போயிருக்கும்" என்று அவருக்குத் துண்டு போர்த்தினார்களாம். அவர் கண்கலங்கி, "எல்லாரும் சேந்து எடுத்த முடிவுதான" என்றாராம். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பொய்யாக இருந்திருந்தால் எங்களில் யாராவது ஒருவர் அவரை எதிர்த்திருக்கலாம்.

அவர் இறந்தபோது நான் போகவில்லை.

நாங்கள் கிளம்பிய அன்று, லோரியின் பின்னால் பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். சின்னவள் என் தோளில் தூங்கினாள். இரண்டு பக்கமும் தேயிலை. மூத்தவள் வாட்டமாக இருந்தாள். தான் என்னவோ செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரியத் தொடங்கியிருந்தது. சரசு தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இத எனக்குக் குடு."

மகள் உடனே நீட்டினாள்.

"குடுக்கக் கூடாது. மாட்டேன்னு சொல்லு."

"நீதானம்மா கேட்ட?"

"யாரு கேட்டாலும். எவ்வளவு நல்லா கேட்டாலும். குடு கண்ணு, அம்மாவுக்குப் பசிக்குதுல்ல? சொல்லு இப்ப."

பிள்ளையின் கை பாதி நீண்டு பாதியில் நின்றது. சரசு விடவில்லை. கெஞ்சினாள், கொஞ்சினாள், அவரைப் போலவே மெதுவான குரலில் கேட்டாள். லோரி வளைவில் திரும்பும்போது, பிஸ்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் மகள் கண்ணை மூடி வீரிட்டாள்:

"மாட்டேன்!"

"இன்னொரு தடவ."

"மாட்டேன்!"

முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த மைத்துனன் திரும்பிப் பார்த்தான். நான் முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர்கள் பார்க்காதபடி, சத்தம் இல்லாமல், நானும் அந்தச் சொல்லுக்கு உதட்டை அசைத்துப் பார்த்தேன்.